2520: இராமானுஜன் கண்டுபிடிக்காத எண்



2520 என்ற எண்ணைப் பற்றிய ஒரு செய்தி பல ஆண்டுகளாக வாட்சப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் கட்டாயம் வந்திருக்கும். பார்ப்பதற்குச் சாதாரண எண்ணாம்; ஆனால் 1 முதல் 10 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதியே வராதாம்; உலகக் கணித மேதைகள் எல்லாரும் வியந்தார்களாம்; கண்டுபிடித்தவர் நம் இராமானுஜனாம்; வாரத்தின் 7 நாள், மாதத்தின் 30 நாள், ஆண்டின் 12 மாதம் மூன்றையும் பெருக்கினால் இந்த எண் வருவதுதான் அதன் மர்மமாம்.

இந்தச் செய்தி இப்போது மாணவர் கட்டுரைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ‘தமிழர் அறிவியல்’, ‘நான் போற்றும் மேதை’ போன்ற தலைப்புகள் வந்தால் போதும், 2520 வந்து நிற்கும். ஆசிரியர் என்ன செய்வது? சிவப்பு மையால் அடிப்பதா? நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறான் என்று விட்டுவிடுவதா?

இரண்டும் வேண்டாம். செய்தியில் எது உண்மை, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்போம். பிரித்தால் இராமானுஜனின் பெருமை குறையாது. அவர் உண்மையில் செய்தது இந்தச் செய்தி சொல்வதைவிட எவ்வளவோ பெரியது.

முதலில் எண்ணைப் பார்ப்போம்

இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. (தேர்வில் ‘ஐந்நூறு’ என்றே எழுதுங்கள்.) வகுத்துப் பாருங்க: 2520 ÷ 7 = 360, 2520 ÷ 8 = 315, 2520 ÷ 9 = 280. மற்றவற்றையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1 முதல் 10 வரை எதிலும் மீதி வராது. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் (பூஜ்யத்தை விட்டுவிடுங்கள்) இந்தக் குணம் கிடையாது. செய்தியின் இந்தப் பகுதி முழு உண்மை.

காரணம் மர்மம் எதுவும் இல்லை. 8-ஆல் வகுபட வேண்டுமென்றால் மூன்று 2 வேண்டும். 9-ஆல் வகுபட இரண்டு 3 வேண்டும். 5-க்கு ஒரு 5, 7-க்கு ஒரு 7. அவ்வளவுதான். 4, 6, 10 எல்லாம் இவற்றுக்குள்ளேயே அடங்கிவிடும். 2×2×2×3×3×5×7 என்று பெருக்கினால் 2520. கணித ஆசிரியர் இதை மீச்சிறு பொது மடங்கு என்பார். இரண்டு மூன்று எண்களுக்கு மீச்சிறு பொது மடங்கு காணும் வழி, கிறிஸ்துவுக்கு முன்பே யூக்ளிட் எழுதிய நூலின் ஏழாம் பகுதியில் இருக்கிறது. எனவே 2520-ஐ இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் ‘கண்டுபிடிக்க’ வேண்டிய தேவையே இல்லை.

இதன் இரட்டிப்பான 5040 இன்னும் பழைய புகழ் உடையது. கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ, ‘சட்டங்கள்’ என்ற நூலில் ஒரு கற்பனை நகரத்தை அமைக்கிறார். அதில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்கிறார். ஏன் இந்த எண்? நிலம் பிரிக்க, வரி வாங்க, படை திரட்ட என்று மக்களை எத்தனை குழுவாக வேண்டுமானாலும் மீதியின்றிப் பிரிக்கலாம். 5040-க்கு அந்த எண்ணையும் சேர்த்து 60 வகுஎண்கள் உள்ளன. 1 முதல் 12 வரை பார்த்தால் 11 மட்டும்தான் ஒத்துவராது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது: இரண்டு குடும்பங்களைக் கழித்துவிட்டால் 5038; அது 11-ஆல் சரியாக வகுபடும்.

7 × 30 × 12: கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு சோதனை

அடுத்து அந்த ‘மர்மம்’. 7 × 30 × 12 = 2520. கணக்கு சரி. ஆனால் இது எந்த நாட்காட்டி?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்து போனால் இதற்கு விடை கிடைக்கும். பழைய பெயர் பிட் ஸ்திரீட். 1801 வாக்கில், தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில். பக்கத்துக் குயீன் ஸ்திரீட்டில் 1833-ஆம் ஆண்டின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். சாலையின் ஒரு முனைக்கு அருகே, பார்க்குவார் ஸ்திரீட்டில், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்ச தூரத்துக்குள் நான்கு சமயங்கள், நான்கு நாட்காட்டிகள்.

இப்ப ஒவ்வொன்றாகப் பாருங்க. இஸ்லாமிய மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். சீன ஆண்டுக்குச் சில சமயம் 12 மாதம், சில சமயம் 13 மாதம். தமிழ் மாதங்களுக்கு 29 முதல் 32 நாள் வரை. ஆங்கில மாதங்களுக்கு 28 முதல் 31 வரை. எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்ற கணக்கு இந்த நான்கில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தவில்லை.

அப்படியானால் பெருக்கல் ஏன் 2520 தருகிறது? 30 × 12 = 360. இந்த 360-ஐ 1 முதல் 10 வரை வகுத்தால் 7 மட்டும்தான் மீதி விடும். குறையாக இருப்பது அந்த ஒரே ஒரு 7. வாரத்தின் 7-ஐக் கொண்டுவந்து பெருக்கியதும் குறை தீர்ந்துவிடுகிறது. பிறந்தநாள் ஆண்டுக்கு ஆண்டு வேறு கிழமையில் வருவதற்கும் இந்த 7-தான் காரணம். மாதக் கணக்கோடும் ஆண்டுக் கணக்கோடும் அது ஒட்டவே ஒட்டாது. ஆக, செய்தி எதை ‘அதிசய இணக்கம்’ என்கிறதோ, அது உண்மையில் ஓர் இணங்காமை.

வகுபடும் எண் யாருக்குத் தேவைப்பட்டது?

மீதியில்லாமல் வகுபடும் எண்ணை மனிதன் வேடிக்கைக்காகத் தேடவில்லை. பங்கு பிரிக்கத் தேடினான். அதற்கும் இதே சாலையிலிருந்து எடுத்துக்காட்டு தரலாம்.

இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் சொல்லப்படும் பங்குகள் ஆறு: அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. இவை எல்லாவற்றையும் மீதியின்றித் தரக்கூடிய மிகச் சிறிய எண் 24. ஒரு வணிகர் இறந்துபோகிறார்; மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடனும் மற்றக் கடமைகளும் தீர்ந்தபின் உள்ள சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, எஞ்சிய 13 மகனுக்கு. ஒரு காசுத் துண்டுகூடத் தகராறுக்கு மிஞ்சாது.

இப்போது நம் தமிழ்க் கீழ்வாயிலக்கத்தைப் பார்ப்போம். 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. (1/20 + 1/80 = 5/80 = 1/16. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது, கவனித்தீர்களா?) அரை, கால், அரைக்கால், ஐந்தில் ஒன்று, இருபதில் ஒன்று எல்லாம் 320-க்குள் அழகாக வரும். ஆனால் மூன்றில் ஒன்று வராது. 320 = 2×2×2×2×2×2×5. உள்ளே 3 இல்லை. 320-ஐ 24-ஆல் வகுத்தால் 13 போக 8 மீதி. இன்னும் நுட்பமாகக் கீழ்முந்திரிக்குப் போனாலும் அதே கதைதான். அது 320-இல் ஒரு பங்கின் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1/102,400. 102,400-லும் 2-உம் 5-உம் மட்டுமே உண்டு.

மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் சேர்ந்து புழங்கிய எடைக்கும் இதே குணம். 16 தாயில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குல். பாதி பாதியாகப் பிரிக்க வசதி. மூவருக்குப் பிரித்தால் மீதி. பழைய இந்திய ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. இதில் 3 உண்டு, 5 இல்லை. பழைய ஆங்கிலப் பவுனுக்கு 240 பென்ஸ்; அதில் 3-உம் உண்டு, 5-உம் உண்டு.

எந்த அளவு முறை உயர்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணும் சிலருக்கு வசதி தரும், சிலருக்கு மீதி வைக்கும். இந்த உண்மை வணிகருக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் ‘ஓர் எண் எவ்வளவு வகுபடும், அதற்கு எல்லை எங்கே’ என்பதை முறையாக ஆராய்ந்தவர் ஒரு கணக்கு எழுத்தர். இங்கேதான் இராமானுஜன் வருகிறார்.

இராமானுஜன் உண்மையில் செய்தது

ஸ்ரீநிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பினாங்குக்குக் கப்பலேறிய நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்திலிருந்தும் அதே சென்னைத் துறைமுகத்திலிருந்தும்தான் புறப்பட்டார்கள். 1914 மார்ச் 17-இல் இராமானுஜனும் அங்கிருந்து கப்பலேறினார்; அவர் போனது மேற்கே, கேம்பிரிட்ஜுக்கு.

1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. பொருள்: உயர் பகு எண்கள். வரையறை எளிது. ஓர் எண்ணுக்கு உள்ள வகுஎண்களின் எண்ணிக்கை, அதைவிடச் சிறிய எல்லா எண்களுக்கும் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் அது உயர் பகு எண்.

12-ஐ எடுங்க. அதன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. 12-க்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. எனவே 12 ஓர் உயர் பகு எண். 18-க்கும் ஆறுதான், ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18-க்கு இடமில்லை. வரிசை இப்படிப் போகும்:

1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040…

பார்த்தீர்களா? வாரிசுப் பங்கின் 24, பவுனின் 240, வட்டத்தின் 360, பிளேட்டோவின் 5040 எல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. 18-ஆவது இடத்தில் 2520, 48 வகுஎண்களோடு. இராமானுஜனுக்கும் 2520-க்கும் உள்ள உண்மையான உறவு இதுதான்: அவர் ஆராய்ந்த ஒரு பெரிய குடும்பத்தில் அது ஓர் உறுப்பினர்.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடும். 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றாலும் வகுபடுவதும் உயர் பகு எண்ணாக இருப்பதும் ஒன்றா? இல்லை. 1 முதல் 12 வரை வகுபடும் மிகச் சிறிய எண் 27,720. அது உயர் பகு எண்தான். ஆனால் 1 முதல் 13 வரை வகுபடும் மிகச் சிறிய எண் 360,360. அதற்கு 192 வகுஎண்கள். அதைவிடச் சிறிய 332,640-க்கும் அதே 192 இருப்பதால் 360,360 தோற்றுப்போகிறது. 2520-இல் இரண்டு குணமும் சேர்ந்து அமைந்திருக்கின்றன, அவ்வளவே.

இராமானுஜன் பட்டியல் போட்டதோடு நிற்கவில்லை. இந்த எண்கள் எப்படி அமைந்திருக்கும் என்பதற்கு விதிகளை நிறுவினார். இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, பகாக் காரணிகளின் அடுக்குகள் இறங்கு வரிசையில்தான் வரும். 2 எத்தனை முறை வருகிறதோ, 3 அதைவிட அதிகமாக வராது. 5, 3-ஐவிட அதிகமாக வராது. காரணம் எளிது. 2×3×3 = 18; 2×2×3 = 12. இரண்டுக்கும் ஆறு வகுஎண்கள். ஆனால் சிறிய காரணியை அதிகம் பயன்படுத்தியது சிறிய எண்ணாக வந்துவிடுகிறது. இரண்டாவது, கடைசிப் பகாக் காரணி ஒரே ஒரு முறைதான் வரும். இதற்கு விலக்கு 4, 36 இரண்டு மட்டுமே. இந்த இரண்டாவது விதியை நிறுவுவது சுலபம் இல்லை.

இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. எஃப்.ஏ. தேறாதவருக்குக் கிடைத்த பட்டம் அது. அப்போது கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவில்லை. அது 1997-இல்தான் முறையாக வெளிவந்தது.

பட்டியலின் கடைசி எண்ணும் விடுபட்ட எண்ணும்

1915 கட்டுரையில் இராமானுஜன் கொடுத்த பட்டியலின் கடைசி எண் இது:

6,746,328,388,800

தமிழில் படிப்போமா? ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இதற்கு 10,080 வகுஎண்கள். எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக வகுக்க வேண்டாம். பகாக் காரணிகளைப் பாருங்க: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. மேலே சொன்ன இரண்டு விதிகளும் இதில் அப்படியே நிற்பதைக் கவனியுங்கள்.

கால்குலேட்டர் இல்லாத காலம். கையால் போட்ட கணக்கு. இத்தனை பெரிய பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போனது:

293,318,625,600

இதற்கு 5040 வகுஎண்கள். ஆம், பிளேட்டோவின் அதே 5040. இன்னொரு வேடிக்கையும் உண்டு. விடுபட்ட இந்த எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். பட்டியலின் கடைசி எண் வந்துவிடும். அதாவது, பட்டியலை முடித்து வைத்த எண்ணுக்குள்ளேயே விடுபட்ட எண் ஒளிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தபோது இது தெரியவந்தது.

இதைச் சொல்வதால் இராமானுஜன் சிறுத்துவிட்டாரா? அவர் நிறுவிய விதிகள் ஒன்றும் அசையவில்லை. பெரியவர் எழுதியது என்று கைகட்டி நிற்காமல் ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார்களே, அதுதான் அவருக்குச் செய்த மரியாதை. வணங்குவது யாராலும் முடியும். படிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

வாட்சப் செய்தியின் குறையும் இங்கேதான் இருக்கிறது. அது இராமானுஜனைப் புகழ்கிறது, ஆனால் படிக்கவில்லை. ஐந்தாம் படிவ மாணவன் பத்தே நிமிடத்தில் போடக்கூடிய பெருக்கலை அவருடைய சாதனையாக்கி, சாதனையை மறைத்துவிடுகிறது. நம் கட்டுரையை வேற்று மொழிக்காரர் ஒருவர் படித்துவிட்டு ‘இதுவா கண்டுபிடிப்பு?’ என்று கேட்டால், அடி விழுவது அவர் பெயர்மீது.

கட்டுரையில் எப்படி எழுதுவது?

தவிர்க்க வேண்டியது: ‘கணித மேதை இராமானுஜன் 2520 என்ற அதிசய எண்ணைக் கண்டுபிடித்தார்.’

எழுத வேண்டியது: ‘2520 போன்று, தனக்குச் சிறிய எல்லா எண்களைவிடவும் அதிக வகுஎண்களைக் கொண்ட எண்களை 1915-ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில் இராமானுஜன் ஆராய்ந்து, அவற்றின் அமைப்புக்கு விதிகளை நிறுவினார்.’

இரண்டாவது வாக்கியம் நீளம்தான். ஆனால் அதில் ஆண்டு இருக்கிறது, செயல் இருக்கிறது, யார் கேட்டாலும் நிற்கும் உண்மை இருக்கிறது.

வகுப்பறைக்குச் சில பணிகள்:

1. 48-இன் வகுஎண்களை எழுதுக. 48 ஏன் உயர் பகு எண், 54 ஏன் இல்லை என்று விளக்குக.
2. 293,318,625,600 என்ற எண்ணை எழுத்தால் எழுதுக. ‘முந்நூறு’, ‘எண்பத்தாறு’ ஆகியவற்றின் புணர்ச்சியைப் பிரித்துக் காட்டுக.
3. மா, காணி, முந்திரி கொண்டு 3/80, 1/160 ஆகியவற்றுக்குரிய தமிழ்ப் பெயர்களைக் கண்டறிக. (குறிப்பு: முக்காணி, அரைக்காணி.)
4. உங்கள் கைப்பேசிக்கு வந்த ‘தமிழர் பெருமை’ செய்தி ஒன்றை எடுத்து, எது உண்மை, எது மிகை என்று இரண்டு பத்திகளில் எழுதுக.

நான்காவது பணியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் மூன்றும் மதிப்பெண் தரும். நான்காவது, தேர்வு முடிந்த பிறகும் பயன்படும்.